பதினெட்டு அப்பாக்கள் திரும்பி வந்த வாரம்

பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் என் மனைவி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. கூட்டிப் பெருக்கதுக்குக் கூப்பிட்டிருப்பாவ. நீங்க சரியாக் கேட்டியளா?" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலேயே இரண்டு வருடம் இருந்தேன். ஆறாம் வகுப்பு எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் என் தொழில் விளம்பர ஆட்டோவில் உட்கார்ந்து மைக் பிடிப்பது. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, புதுப்படம், யார் காசு கொடுத்தாலும் கத்துவேன். வெறுமனே "தள்ளுபடி தள்ளுபடி" என்று கத்தினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதனால் கதை சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மாமியார் மருமகளின் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடுகிறாள். முதல் தெருவில் ஓட ஆரம்பிப்பவள் நான்காவது தெருவில் போலீசிடம் மாட்டுவாள். முடிவு என்ன என்று தெரிய வேண்டுமானால் கடை வாசலுக்கு வர வேண்டும்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்காக எங்கள் ஊருக்கு வந்த ஒரு டீச்சரம்மா அந்த ஆட்டோவின் பின்னாலேயே ரிக்‌ஷாவில் நான்கு தெரு வந்துவிட்டார். "ஏனுங்க, அந்த மாமியா என்னதான் ஆனாங்க?" என்று கேட்டார். "கடைக்கு வாங்கம்மா" என்றேன். வந்தார். இட்லிச் சட்டியும் வாங்கினார். அவர்தான் சுலோசனா டீச்சர். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டது வெளியே தெரிந்தால் அவர்களுக்குச் சங்கடம் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் பார்க்கிற பெட்டி. டீச்சர் ஒரு மாதம் வெளிநாட்டுக்குப் போய், அந்தப் பெட்டிக்குள் கதையைப் போடுவது எப்படி என்று படித்துவிட்டு வந்திருந்தார். நம் குரலிலேயே கதையைப் பேசிப் பதிய வேண்டும், வீட்டுப் போட்டோக்களை உள்ளே ஏற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்து ஓட விட வேண்டும். கதை எழுதுவது, கம்ப்யூட்டரில் கதை சொல்வது, இரண்டையும் ஒரு படிப்பாகத் தொடங்க ஆசைப்பட்டார். கம்ப்யூட்டரை அவர் பார்த்துக்கொள்வார். கதைக்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை கோவை வந்து இறங்கினேன். டவுன் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்டக்டர் என் பக்கம் பார்த்து, "ஏனுங்க, ஸ்டாப் வந்துருச்சுங்க. எறங்கிக்கறீங்களா?" என்றார். இவ்வளவு மரியாதையாக யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தவர் அவருக்குப் பின்னால் பார்த்தார். பஸ் போய்விட்டது.

எங்கள் ஊர்க் கண்டக்டர் என்றால், "ஏல, ஒறங்குதியா, எறங்கித் தொல" என்பார். ஆள் சரியான இடத்தில் இறங்கிவிடுவான். மரியாதையாலேயே ஒரு மனிதனை ஊர் தாண்டிக் கொண்டுபோய் விட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் ஒரு பேக்கரி. கோவையில் தெருமுனைக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. தேங்காய் பன் வாங்கித் தின்றுகொண்டே கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தப்பு எங்க ஆளு மேலதானுங்க. தொட்டுச் சொல்லியிருக்கோணும்" என்றார். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைத் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றினார். அந்தக் கண்டக்டரிடம், "இவுரத் தொட்டு எறக்கி உடுங்க" என்று சொல்லியும் அனுப்பினார். பார்சல் மாதிரி வந்து சேர்ந்தேன்.

விருந்தினர் அறையில் ஒரு குடம் சிறுவாணித் தண்ணீர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்புப் போடாமலே குழம்பு வைக்கலாம். இந்தத் தண்ணீரைக் குடித்தால் யாரோ சர்க்கரை போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல் போனது மாதிரி இருந்தது. குடித்துக்கொண்டே இருந்தேன். முதல் இரவு தூங்கவில்லை. காரணம் பாடம் நடத்தும் பயம் மட்டுமில்லை.

திங்கட்கிழமை காலை டீச்சர் என்னை வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"சனிக்கிழம கமிட்டி வருதுங்க பால்ராசு. பசங்க செஞ்ச கதையப் பாப்பாங்க. புடிச்சா கோர்ஸ் உண்டுங்க. புடிக்கலீன்னா நான் பழையபடி பி.காம். பசங்களுக்கு லெட்டர் எழுதச் சொல்லிக் குடுக்கப் போயிருவனுங்க."

"என்ன லெட்டர் டீச்சர்?"

"'தங்கள் சரக்குக் கிடைக்கப்பெற்றோம், மூன்று பெட்டி உடைந்திருந்தது.' அந்த லெட்டருங்க. பன்னெண்டு வருசமா அந்த மூணு பெட்டி ஒடஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. ரிட்டையர் ஆகற வரைக்கும் ஒடையுமுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த சாவிக்கொத்தை ஒரு நிமிடம் சும்மா வைக்கவில்லை. கமிட்டித் தலைவர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். எங்கே போனாலும் ஒரே கேள்வி கேட்பாராம், பாடம் நடத்தியவரின் படிப்பு என்ன என்று.

"நான் என்ன சொல்லட்டும்?"

"நெசத்தச் சொல்லிப்போடுங்க. ஆனா மெதுவாச் சொல்லுங்க."

வகுப்பு கம்ப்யூட்டர் அறையில். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், ஏ.சி. போட்டிருப்பார்கள், சத்தமாகப் பேசக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைவது போலத்தான். ஆறு கம்ப்யூட்டர், பதினெட்டுப் பேர். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து "வணக்கமுங்க" என்றார்கள். ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார் என்று நினைத்து நானும் வணக்கம் சொன்னேன்.

"மக்கா, ஆளுக்கு ஒரு கத சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறமுங்க."

மாமியார் கதையைச் சொன்னேன். "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். வேண்டுமென்றே கேவலமான ஒரு ஜோக் சொன்னேன். "நல்லா இருக்குதுங்க." ஆட்டோவின் ரிவர்ஸ் சத்தத்தை வாயால் அரை நிமிடம் செய்து காட்டினேன். அதுவும் நல்லா இருந்ததாம். எங்கள் ஊரில் கதை சரியில்லை என்றால் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். எந்த இடத்தில் நனைந்தோமோ அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். இங்கே எவ்வளவு கத்தியும் என் சட்டை காய்ந்தே கிடந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது. சாயங்காலம் சண்முகம் என்ற பையன், "வூட்டுக்கு வாங்க சார், சாப்புட்டுப் போலாமுங்க" என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டான். அவர்கள் வீடு இருக்கும் கணபதிப் பக்கம் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. ஏதோ ஒரு சின்ன இரும்பு விரிசல் விட்டிருந்தது. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். என்னை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன். அந்தச் சொல்லுக்காக ஊட்டி வரைக்கும்கூடத் தள்ளியிருப்பேன்.

அவர்கள் வீட்டின் முன்பக்கம் லேத் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். தெரு முழுக்க அப்படித்தான். பம்ப் செட், கிரைண்டர் என்று எதற்கு என்ன உதிரி வேண்டுமானாலும் அங்கே செய்கிறார்கள். சண்முகத்தின் அப்பா மொபெட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, "சாம்பிள் குடு" என்றார். உடைந்த இரும்பை மகன் கொடுத்தான். அவ்வளவுதான், வேலை ஆரம்பித்துவிட்டது.

"எதுக்குங்க வரைபடமெல்லாம்?" என்றார் என்னிடம். "பாத்துச் செஞ்சரலாமுங்க. சாம்பிள் இருந்தா ஏரோப்ளேனே செஞ்சு குடுப்பமுங்க. ஓட்டற ஆளுக்குத்தான் நீங்க வேற எடம் பாக்கோணும்."

சண்முகத்தின் அம்மா அரிசிம்பருப்புச் சோறு போட்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, நெய் குளம் கட்டி நின்றது. நான் ஊரிலிருந்து கொண்டு வந்த மக்ரூன் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். தூத்துக்குடிக்காரன் வெளியூர் போனால் கையில் மக்ரூன் இல்லாமல் போக மாட்டான். முட்டையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்வது. அவர் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், பாதியைத் தின்றார். மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "இது போதுங்க" என்றார். பொட்டலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை சண்முகம் ஒரு தகர டப்பாவோடு வந்தான். உள்ளே மக்ரூன். அதே கூம்பு, அதே வெள்ளை. முந்திரிக்குப் பதில் நிலக்கடலை.

"உங்குளுதுல இனிப்புக் கொஞ்சம் தூக்கலாமுங்க. கொறச்சிருக்காங்களாமா. அம்மா சொல்லச் சொன்னாங்க."

தின்று பார்த்தேன். எங்கள் ஊர்ச் சரக்கை விட நன்றாக இருந்தது. இதை ஊரில் சொன்னால் என்னைக் கடலில் போட்டுவிடுவார்கள். அதனால் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அன்று புதன்கிழமை. பாதி வாரம் போய்விட்டது. பிள்ளைகளில் ஒருவர்கூடக் கதை சொல்ல வாய் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல், "ஒரு கத சொல்லுதேன். இதப் போல ஆளுக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்க" என்றேன்.

'இதைப் போல' என்று கோயம்புத்தூரில் சொல்லியிருக்கக் கூடாது.

நான் சொன்ன கதை இதுதான். நான் சின்னப் பையன். அப்பா, அம்மாவோடு பாசஞ்சர் ரயிலில் போகிறேன். அம்மாவுக்குத் தாகம். அப்பா பித்தளைக் கூஜாவை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனில் இறங்குகிறார். குழாயடியில் கூட்டம். அவர் தண்ணீர் பிடிக்கும்போது ரயில் ஊதுகிறது. ஓடி வருகிறார். கூஜாவின் மூடி கழன்று உருள்கிறது. மூடியை எடுக்கத் திரும்புகிறார். ரயில் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. ரயில் ஊதுவது, மூடி உருள்வது, அம்மா கத்துவது எல்லாவற்றையும் வாயாலேயே செய்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சூலூரிலிருந்து வரும் மரகதம் என்ற பெண் மட்டும், "அப்புறமுங்க?" என்று கேட்டாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல தாயி. அவ்ளோதாம்."

கூஜா, மூடி, ரயில் எல்லாமே என் சரக்கு. அப்பா போனது மட்டும் நிஜம். நான் தொட்டிலில் கிடக்கும்போது போனவர். ரயிலில் போனாரா, லாரியில் போனாரா, யாருக்கும் தெரியாது. அம்மா அதைப் பற்றிப் பேச மாட்டாள். அதனால் நானே ஒரு மூடியை உருட்டி விட்டுக்கொண்டேன். மூடி உருண்டால், போனதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லவில்லை. அங்கே நான் ஜோக்கர்.

வியாழக்கிழமை காலை பதினெட்டுப் பேரும் எழுதிக்கொண்டு வந்து அடுக்கி வைத்தார்கள். டீச்சரும் நானும் ஆளுக்குப் பாதி எடுத்தோம். முதல் கதை: ரயில், தாகம், கூஜா, மூடி உருள்கிறது. இரண்டாவது: ரயில், தாகம், கூஜா, மூடி. மூன்றாவதில் பித்தளை எவர்சில்வராக மாறியிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் கையிலும் கூஜாதான்.

பதினெட்டுக் கூஜா.

டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளன்னைக்கிச் சனிக்கிழமைங்க" என்றார். மூன்று பெட்டி உடையும் சத்தம் எனக்கே கேட்டது.

நேராக வகுப்புக்குப் போனேன். மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்த என் ஊர் வாய் அவிழ்ந்துவிட்டது. "ஏல, என்னல இது, ஈயடிச்சான் காப்பி? ஒங்களுக்கு அப்பன் ஆத்தா கெடையாதா? ஒங்க வீட்ல ஒண்ணுமே நடக்கலியா? எங்கப்பன எதுக்குல களவாண்டீங்க?"

எழுந்து நின்றார்கள். நான் திட்டி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு சண்முகம் சொன்னான். "சார், நீங்கதானுங்களே சாம்பிள் குடுத்தீங்க."

எனக்கு முந்தின நாள் தின்ற நிலக்கடலை மக்ரூன் ஞாபகம் வந்தது.

"அப்படியே செய்யலீங்க சார்" என்றாள் மரகதம். "உங்க சாம்பிள்ல ஒரு கொற இருந்துச்சுங்க. அதச் சரி பண்ணியிருக்கறமுங்க. கடைசிப் பக்கம் பாக்கலீங்களா?"

"என்ன கொற?"

"அப்பா வரலீங்களே."

"எல்லாரும் பேசி வச்சு எழுதுனீங்களா?"

"இல்லீங்க, தனித்தனியாத்தானுங்க" என்றான் இர்பான். உக்கடம் பக்கம் பையன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "அப்பாவ ஸ்டேசன்ல உட்டுப்போட்டு எப்படிங்க கதைய முடிக்கறது? கேக்கறவிங்களுக்குத் தூக்கம் வருமுங்களா? மூஞ்சிக்கு நேராச் சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நேத்து யாரும் சொல்லலீங்க."

கடைசிப் பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொருவராகப் படித்தார்கள்.

இர்பானின் அத்தா துணி வியாபாரம். அவர் குழாயடியில் நின்றபடியே பக்கத்து ஆளிடம் கூஜா என்ன விலை போகும் என்று விசாரித்து, அதை விற்று, இரண்டு கூஜா வாங்கி, அதில் ஒன்றை விற்றுப் பஸ் டிக்கெட் எடுத்து, ரயிலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்கிறார். "ரெயில்ல வந்தீங்களேடா, எவ்வளவு தண்டம்?" என்று குடும்பத்தையே திட்டுகிறார்.

சண்முகத்தின் அப்பா தண்ணீர் பிடிக்கும்போதே குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிடுகிறார். கழற்றி மாட்டுவதற்குள் ரயில் போய்விடுகிறது. மறுநாள் வருகிறார், பழைய குழாய்த் திருகு மடியில் இருக்கிறது. சாம்பிளுக்கு.

மரகதம் கடைசியாகப் படித்தாள். அவள் அப்பா சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறார். அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம்.

"எங்கப்பா தண்ணி புடிச்சுட்டாருங்க. ரெயிலும் நின்னுட்டுத்தான் இருந்துச்சுங்க. பக்கத்துல டீக்கட. ஒரு டீ கேட்டாருங்க. கடக்காரரு எல்லாத்துக்கும் குடுக்கற கிளாஸ்லயே குடுத்துட்டாருங்க. எங்கப்பா சின்ன வயசுல அவுரு ஊர்ல எங்க ஆளுகளுக்கு வெளிய தனிக் கிளாஸ் வெச்சிருப்பாங்க. இங்க தெரியாமக் குடுத்துட்டாங்களான்னு சந்தேகமுங்க. இன்னொண்ணு கேட்டுப் பாத்தாருங்க. அதே கிளாஸ்தானுங்க. மூணாவது டீ குடிக்கறப்ப ரெயில் போயிருச்சுங்க. அடுத்த நாள் வந்தாரு. அம்மா வையறாங்க. 'மூணு டீ குடிச்சேன்'னு மட்டும் சொன்னாருங்க. அம்மா அதுக்கப்புறம் வையலீங்க."

நான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஏ.சி. என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"நெசந்தானுங்க, எல்லாருக்கும் அப்படித்தானுங்க" என்றார்கள்.

அடுத்த தொல்லை கம்ப்யூட்டர். குரல் என்பது பெட்டிக்குள் அதிக இடம் பிடிக்கும் சாமானாம். பதினெட்டுக் கதை முழுதாக உள்ளே போகாது என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். யாரை வைப்பது, யாரை விடுவது என்று அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது இர்பான் எழுந்தான்.

"மேடம், முன்பாதி எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே. ஒருக்காப் பதிஞ்சாப் போதாதுங்களா? எதுக்குங்க பதினெட்டு வாட்டி செலவு?"

டீச்சர் விரலை வாயிலிருந்து எடுத்தார். அப்பா போவது ஒரே தடவை. அதற்கப்புறம் திரையில் பதினெட்டு அப்பாக்களின் முகங்கள். எந்த முகத்தில் அமுக்குகிறோமோ அந்த அப்பா வந்துவிடுவார். இப்படியும் கம்ப்யூட்டரில் செய்யலாமா என்று கேட்டேன். "இதுக்குத்தானுங்க கம்ப்யூட்டரே" என்றார். அந்த வாரத்தில் அவர் சாவிக்கொத்தைக் கீழே வைத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதிவு. ஏ.சி. சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை அணைத்துவிட்டார்கள். அறை இட்லிச் சட்டி ஆனது. வெளியே காக்கா கத்தினால் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும். காக்காயைத் துரத்த ஒருவனைப் போட்டோம். அவன், "ஏனுங்க, அக்கட்டாலப் போங்க" என்று அதனிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

முன்பாதியை நான்தான் பேச வேண்டும் என்றார்கள். இருபது வருடம் மைக் பிடித்த ஆள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூடி உருளும் இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. மறுபடியும் பேசினேன், மறுபடியும் நின்றது. ஆட்டோவில் பேசும்போது என் குரல் என்னைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். இங்கே காதில் ஒரு கருவியை மாட்டி விட்டிருந்தார்கள். போன குரல் எனக்கே திரும்பி வந்தது. கடைசியில் ஒரு வழியாக முடித்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். முதல் தடவையாக நம்பினேன்.

அப்பாக்களின் போட்டோ எல்லோரும் கொண்டு வந்திருந்தார்கள். மரகதத்தின் அப்பாவைத் தனியாக எடுத்த படமே இல்லை. தறிப் பட்டறையில் ஆயுத பூசையன்று எடுத்த கூட்டப் படத்தில் ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். சண்முகம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதலாளியையும் பூசணிக்காயையும் வெட்டித் தள்ளிவிட்டு, அவரை மட்டும் பெரிதாக்கி நடுவில் வைத்தான். மரகதம் ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கப்பா இவ்வளவு ஒயரமுங்களா" என்றாள்.

சனிக்கிழமை கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் வெள்ளைச் சட்டை, மடித்த கை, சிரித்துப் பல வருடம் ஆன முகம். நான் ஒரு கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஐந்தாம் வகுப்பு என்பதை எவ்வளவு மெதுவாகச் சொல்லலாம் என்று உதட்டுக்குள் பழகிக்கொண்டிருந்தேன்.

என் குரல் ஓடியது. மூடி உருண்டது, ரயில் போனது. திரையில் பதினெட்டு முகங்கள் வந்து நின்றன.

"அடுத்து என்னங்க?" என்றார் தலைவர்.

"நீங்கதானுங்க ஐயா அமுக்கோணும்" என்று டீச்சர் மவுசை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தேளைத் தொடுவது போல் தொட்டார். அமுக்கினார். இர்பானின் அத்தா இரண்டு கூஜாவோடு வந்து சேர்ந்தார். கமிட்டியில் இருந்த இன்னொருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமியது போல் சமாளித்தார்.

தலைவர் இன்னொரு முகத்தை அமுக்கினார். சண்முகத்தின் அப்பா வந்தார். அப்புறம் ஒருவர் மாட்டு வண்டியில் வந்தார், ஒருவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். நாற்காலிகள் திரைக்குப் பக்கத்தில் நகர ஆரம்பித்தன. "அந்த மீசக்காரர அமுக்குங்க ஐயா." "இருங்க, வரிசையாப் போலாமுங்க." மரகதத்தின் அப்பா மூன்று டீ குடித்துவிட்டு வந்தார். தலைவர் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே முகத்தை இன்னொரு தடவை அமுக்கினார்.

பதினெட்டுப் பேரும் வந்து சேர்ந்த பிறகு தலைவர் திரும்பினார். "முன்பாதி பேசுனது யாருங்க?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து நின்றேன். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா எப்படிங்க வந்து சேந்தாரு?" என்று கேட்டார் தலைவர்.

ஐந்தாம் வகுப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் பழகியிருக்கவில்லை. ஏதாவது ஜோக் வரும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

"இன்னும் வரலீங்க ஐயா" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கணக்குப் பார்க்கிறவர் இல்லையா, போட்டு முடித்துவிட்டார் போலிருக்கிறது.

"அப்ப அதுல இன்னும் வேல பாக்கி இருக்குதுங்க" என்றார். "அடுத்த வருசமும் வந்துருங்க. ஏனுங்க அம்மணி, கோர்ஸ் எப்ப ஆரம்பிக்கறீங்க? சூன் மாசமே ஆரம்பிச்சுப்போடுங்க."

டீச்சர், "சேரிங்க" என்றார். அப்புறம் மறுபடியும், "சேரிங்க" என்றார். பிறகு பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டார். வாரம் முழுக்க விடாமல் வைத்திருந்த மூச்சு அது. பன்னிரண்டு வருடத்து மூச்சாகவும் இருக்கலாம். நான் அருகில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் படிப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த வருடமும் கேட்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். தலைவர் மட்டும் வாசல்படியில் நின்றார். எதையோ மறந்தவர் போல் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"எங்கய்யன் ஒருக்காக் கொடுமுடிக்குப் போனாருங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அவர் அப்பாவைத்தான் அப்படிச் சொன்னார். "ஆத்துல குளிச்சுப்போட்டு வந்தர்றேன்னு போனவருதான்."

டீச்சர் சண்முகத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் மைக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பாதி அறையிலேயே ஒயர் இழுத்துப் பிடித்துவிட்டது. அதற்கு மேல் எட்டவில்லை.

தலைவர் ஒயரைப் பார்த்தார். பிறகு அவரே மைக்கை நோக்கி நடந்து வந்தார்.